தானோஸைத் தொட்டிலிலேயே தீர்த்துக்கட்ட முடியாதா? சூப்பர்ஹீரோ படங்களில் காலப்பயண விதிகள்

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) படத்தில், வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்கிப் பிரபஞ்சத்தின் பாதி உயிர்களைத் தூளாக்கி ஐந்து வருடம் ஓடியிருக்கும். காலத்தில் பின்னோக்கிப் போக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததும் அவெஞ்சர்ஸ் குழுவில் ஒருவரான ரோடி ஒரு யோசனை சொல்வார்: தானோஸ் கைக்குழந்தையாக இருந்த காலத்துக்கே போய்க் கதையை முடித்துவிட்டு வந்துவிட்டால் என்ன? கொடூரமான யோசனைதான். ஆனால் படம் பார்க்கிற பலருக்கும் முதலில் தோன்றுவதும் அதுதான். ஹல்க்காக இருக்கும் விஞ்ஞானி பேனர் ஒத்துக்கொள்ள மாட்டார். காலம் அப்படி வேலை செய்யாது, பழையதை மாற்றினால் இன்றைய நாள் மாறாது என்பார். ரோடியும் ஆன்ட்மேன் ஸ்காட் லாங்கும் விடுவதாக இல்லை. தாங்கள் பார்த்த காலப்பயணப் படங்களின் பெயர்களை வரிசையாக அடுக்குவார்கள். அப்படியென்றால் 'பேக் டு த ஃபியூச்சர்' சொன்னதெல்லாம் பொய்யா என்று ஸ்காட் நொந்துபோவார்.

பேனர் சொன்னது அந்தப் படத்துக்குச் சரி. இதே கேள்வியை 2014இல் வந்த எக்ஸ்-மென் படத்தில் கேட்டிருந்தால், 'தாராளமாகப் போய் மாற்றிவிட்டு வா' என்று அனுப்பியிருப்பார்கள். அனுப்பவும் செய்தார்கள். புதிதாக இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். காலப்பயணத்துக்கு ஒரே ஒரு விதிதான் இருக்கும், அதைப் புரிந்துகொண்டால் எல்லாப் படமும் புரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு பொது விதி கிடையாது. ஒவ்வொரு படமும் தனக்கு ஒரு விதியை வைத்துக்கொள்கிறது. அந்த விதியும் அறிவியலிலிருந்து வருவதைவிட, கதை எதை இழக்கத் தயாராக இல்லை என்பதிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. பார்க்காத படம் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அழித்து எழுதுவதா, வேறு நோட்டில் எழுதுவதா?

நோட்டில் பென்சிலால் போட்ட கணக்கு ஒன்று நடுவில் தப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரப்பரால் அழித்துவிட்டு அதே பக்கத்தில் சரியாகப் போடலாம். இல்லையென்றால், தப்பு வருவதற்கு முந்தைய வரி வரைக்கும் இன்னொரு நோட்டில் பார்த்து எழுதி, மீதியை அங்கே சரியாகப் போடலாம். முதல் வழியில் தப்பான கணக்கு இருந்த சுவடே இருக்காது. இரண்டாவது வழியில் அது பழைய நோட்டில் அப்படியே கிடக்கும். சரியான கணக்கு ஒன்று புதிதாகக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சூப்பர்ஹீரோ படங்களில் வரும் காலப்பயணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. முதலாவதில் ஒரே காலக்கோடுதான் உண்டு. கடந்த காலத்தில் கை வைத்தால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மாறிவிடும். இரண்டாவதில், கை வைத்த இடத்திலிருந்து ஒரு கிளை பிரியும். நீங்கள் புறப்பட்டு வந்த உலகம் இருந்தபடியே இருக்கும். அந்தக் கிளையைத்தான் மாற்றுக் காலக்கோடு என்கிறோம்; ரசிகர்கள் பேச்சில் 'ஆல்டர்நேட் டைம்லைன்'.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நடந்தது நடந்ததுதான், நீங்கள் பின்னால் போனது உட்பட எல்லாமே ஏற்கெனவே வரலாற்றில் சேர்ந்திருக்கிறது, எதையும் மாற்ற முடியாது. அறிவியல் புனைகதைகளில் இது ரொம்பப் பிரபலம். சூப்பர்ஹீரோ படங்களில் அபூர்வம். எதையுமே மாற்ற முடியாது என்றால் பறக்கத் தெரிந்தவருக்கும் சுவரில் ஏறத் தெரிந்தவருக்கும் அங்கே என்ன வேலை?

அழித்து எழுதும் முறையில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. ஒருவன் பின்னால் போய்த் தன் தாத்தாவை அவர் சிறுவனாக இருக்கும்போதே கொன்றுவிடுகிறான். தாத்தா இல்லையென்றால் அப்பா இல்லை, அப்பா இல்லையென்றால் இவன் இல்லை. இவனே இல்லையென்றால் தாத்தாவைக் கொன்றது யார்? தாத்தா முரண் என்று இதற்குப் பெயர். கிளை முறையில் இந்த முடிச்சு தானாக அவிழ்ந்துவிடும். நீங்கள் கொன்றது புதுக் கிளையில் இருக்கும் தாத்தாவை. உங்களைப் பெற்ற அப்பாவைப் பெற்றவர் உங்கள் கோட்டில் வாழ்ந்து முடித்துவிட்டார்.

இயற்பியலிலும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். குவாண்டம் நிகழ்வு ஒவ்வொன்றிலும் சாத்தியமான எல்லா முடிவுகளும் தனித்தனிக் கிளைகளில் நடக்கின்றன என்று பொருள்படும் விளக்கத்தை ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்தார். டேவிட் டாய்ச் 1991இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அந்த விளக்கத்தைக் காலப்பயணத்தோடு இணைத்துப் பார்த்தார்: பின்னால் போகிறவர் போய்ச் சேர்வது வேறொரு கிளை என்றால் தாத்தா முரணே எழாது. எண்ட்கேமில் அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் படபடவென்று பேசும்போது டாய்ச்சின் பெயர் வந்துபோகும். அந்த ஒரு சொல்லை வைத்துப் படம் அறிவியல்படி எடுக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. குறைந்தபட்சம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சூப்பர்மேன் காலத்து எளிமை

1978இல் வந்த 'சூப்பர்மேன்' அழித்து எழுதும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு ஏவுகணைகள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. கொடுத்த வாக்குக்காக ஒன்றை முதலில் தடுக்கப் போகிறார் சூப்பர்மேன். அதற்குள் மற்றொன்று கலிபோர்னியாவில் விழுந்து நிலநடுக்கம் உண்டாகிறது. லோயிஸ் லேனின் கார் நிலப்பிளவில் சிக்கி மண்ணில் புதைகிறது, அவள் இறந்துவிடுகிறாள். மனிதர்களின் வரலாற்றில் தலையிடாதே என்று அப்பா ஜோர்-எல் சொன்னது காதில் ஒலிக்கிறது. அதையும் மீறிப் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறார். பூமி எதிர்த்திசையில் சுழல்கிறது, காலம் பின்னால் ஓடுகிறது, லோயிஸ் உயிரோடு காரில் உட்கார்ந்திருக்கிறாள்.

பூமியைத் திருப்பிச் சுற்றினால் காலம் எப்படித் திரும்பும் என்று இந்தக் காட்சியைக் கிண்டலடிக்காதவர்கள் இல்லை. அவர் காலத்தில் பின்னால் போகிறார், அதனால்தான் பூமி பின்னால் சுற்றுவது போலத் தெரிகிறது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்தச் சண்டையை விடுங்கள். எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிவது வேறு. லோயிஸ் சாகவில்லை என்றால் சூப்பர்மேன் ஏன் காலத்தைத் திருப்பினார்? திருப்பாவிட்டால் அவள் எப்படிப் பிழைத்தாள்? படம் அந்தப் பக்கமே போகாது. அதற்குக் காரணமும் இருக்கிறது. அவளை இழக்கத் தயாராக இல்லாத கதை அது. மற்றபடி எதைப் பற்றியும் அதற்குக் கவலை இல்லை. இப்படிப்பட்ட வசதி ஒருமுறைதான் செல்லும். ஒவ்வொரு சாவையும் இப்படித் திருப்பலாம் என்றால் அடுத்த படத்தில் யார் செத்தாலும் நமக்கு வலிக்காது.

'எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' (2014) இதே முறையைக் கொஞ்சம் கட்டுப்பாட்டோடு கையாண்டது. 2023இல் சென்டினல் என்ற எந்திரங்கள், பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட மியூட்டன்ட்களைத் தேடித் தேடிக் கொல்கின்றன. 1973இல் சென்டினலை வடிவமைத்த பொலிவர் டிராஸ்க்கை மிஸ்டிக் என்ற மியூட்டன்ட் கொன்றதுதான் இதற்கெல்லாம் தொடக்கம் என்பதால் அதைத் தடுக்க வேண்டும். உடம்போடு பின்னால் போக முடியாது. நினைவை மட்டும் அனுப்பலாம், அது 1973இல் இருக்கும் இளவயது உடம்பில் போய் விழித்துக்கொள்ளும். அவ்வளவு தூரம் அனுப்பினால் சாதாரண மூளை தாங்காது. காயம் தானாக ஆறும் வுல்வரின் மூளை தாங்கும்.

வுல்வரின் அங்கே இருக்கிற வரைக்கும் இரண்டு காலமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அவர் கண் விழித்த பிறகுதான் புது வரலாறு நிலைக்கும். இந்த விதியை நான் ரசிக்கிறேன். 1973இல் அவர் திணறும்போது 2023இல் அவருடைய உடம்பைக் காக்கும் நண்பர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருப்பார்கள். போய் மாற்றிவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நிலையிலும் பதற்றம் குறையாமல் இருப்பதற்கு இந்த ஒரு நிபந்தனைதான் காரணம். கடைசியில் வுல்வரின் விழிக்கும்போது பள்ளிக்கூடம் கலகலவென்று இருக்கிறது. 2006இல் வந்த எக்ஸ்-மென் படத்தில் செத்துப்போன ஜீன் கிரேயும் ஸ்காட் சம்மர்ஸும் கண்ணெதிரே நடமாடுகிறார்கள். பழைய துயரமெல்லாம் அவர் மண்டைக்குள் மட்டும்தான் மிச்சம். பலருக்குப் பிடிக்காமல் போன அந்த 2006 படத்தையே ரப்பரால் அழித்த மாதிரியும் ஆயிற்று.

எண்ட்கேம்: கிளைக் கணக்கு

இனி எண்ட்கேம். அதிகம் கேள்வி எழுப்பியதும், விதியை அதிகம் மதித்ததும் இந்தப் படம்தான் என்பேன்.

முதலில் ஓர் அடிப்படை. மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் கையில் காலத்தை ஆளும் காலக்கல் இருந்ததே, அதை வைத்து எல்லாவற்றையும் திருப்ப முடியாதா? முடியாது. தானோஸுக்கு அந்தச் சொடுக்குக்கான சக்தியைக் கொடுத்தவை, காலக்கல் உட்பட ஆறு கற்கள்; அவற்றையெல்லாம் அவனே அழித்துவிட்டான். மிச்சம் இருப்பது குவாண்டம் ரெல்ம் என்ற நுண்ணுலகம். அதில் மாட்டிக்கொண்ட ஸ்காட்டுக்கு ஐந்து மணி நேரம் போனபோது வெளியே ஐந்து வருடம் போயிருந்தது. அதை வழியாக வைத்துக்கொண்டு கடந்த காலத்துக்குப் போகலாம், அங்கே கற்கள் இன்னும் முழுசாக இருக்கும், கொஞ்ச நேரம் 'கடன்' வாங்கி வரலாம் என்பதுதான் திட்டம்.

பழையதை மாற்றி ஐந்து வருடத்தையும் இல்லாமல் ஆக்கியிருக்கலாமே? இங்கேதான் டோனி போடும் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். இழந்தவர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஆனால் இந்த ஐந்து வருடத்தில் தனக்குக் கிடைத்ததை விட மாட்டேன் என்கிறார். கிடைத்தது அவருடைய மகள் மார்கன். அழித்து எழுதும் முறையில் அந்தக் குழந்தை பிறந்தே இருக்காது. படத்தின் விதி முழுக்க அந்தக் குழந்தையைச் சுற்றிக் கட்டப்பட்ட வேலி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் ஹல்க் விரலைச் சொடுக்கும்போது போனவர்கள் 2018க்குத் திரும்பாமல் 2023இல் வந்து நிற்கிறார்கள். எண்ட்கேம் வந்த அதே 2019இல் வெளியான 'ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்' படத்தில் இதன் பின்விளைவு வேடிக்கையாக வரும். மறைந்து திரும்பியவர்களுக்கு வயது கூடவில்லை, மறையாதவர்கள் ஐந்து வயது மூத்துவிட்டார்கள்.

பேனரின் விளக்கம் கேட்கும்போது நாக்கைச் சுழற்றும் விடுகதை மாதிரி இருக்கும். சாரம் இதுதான்: நீங்கள் கடந்த காலத்துக்குப் போனால், உங்களைப் பொறுத்தவரை அது உங்கள் எதிர்காலம். நீங்கள் புறப்பட்ட இடம் உங்களுக்குக் கடந்த காலம் ஆகிவிட்டது. இனி செய்யப்போகும் எதுவும், ஏற்கெனவே நடந்துவிட்ட அதை மாற்றாது. உங்கள் கைக்கடிகாரம் எப்போதும் முன்னால்தான் ஓடுகிறது என்று பிடித்துக்கொண்டால் போதும்.

குழு குழுவாகப் பிரிந்து போகிறார்கள்: 2012இல் நியூயார்க், 2013இல் ஆஸ்கார்ட், 2014இல் மோராக், வோர்மிர் என்ற வேற்றுக் கிரகங்கள். நியூயார்க்கில், அப்போது காலக்கல்லைக் காத்துவந்த மந்திரவாதி ஏன்ஷியன்ட் ஒன் பேனரை வழிமறித்து விதியின் அடுத்த பாதியைச் சொல்வார். ஒரு கல்லை எடுத்தால் அந்த இடத்தில் கோடு பிரியும். உங்கள் உலகம் பிழைக்கலாம், கல் இல்லாத என் உலகம் இருட்டில் விழும். எடுத்த கணத்துக்கே திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம், அப்போது இந்த உலகத்துக்குக் கல் போனதாகவே இருக்காது என்று பேனர் வாக்குக் கொடுப்பார்.

பலர் இதை 'கல்லைத் திருப்பி வைத்தால் கிளையே மறைந்துவிடும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். கல் இல்லாததால் வரும் கேடு மட்டும்தான் தீரும் என்று எடுத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் பொருந்துகிறது. ஏனென்றால் கற்களைத் தவிர வேறு எத்தனையோ மாறிவிட்டன. 2012இல், கல் ஒன்றை உள்ளே வைத்திருக்கும் டெசராக்ட் என்ற கனசதுரம் கைதவறிப் போய், அன்றைய வில்லன் லோகி அதை எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டான். அந்த 2012இல் இருக்கும் கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ், தன்னைப் போலவே இருக்கும் ஒருவனோடு கட்டிப்புரண்டு சண்டை போட்டிருக்கிறார். 2014இல் இன்னும் பெரிய கூத்து. அந்தக் காலத்துத் தானோஸ் விஷயம் தெரிந்து, தன் படையோடு 2023க்கே வந்து, அங்கேயே செத்தும் போகிறான். அப்படியானால் அவன் விட்டுவந்த 2014க் கிளையில் இனி தானோஸே இல்லை. அங்கே அந்தச் சொடுக்கு நடக்கவே நடக்காது. ரோடி ஆசைப்பட்டது கடைசியில் யாரோ முகம் தெரியாதவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

விதி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, தானோஸின் வளர்ப்பு மகள் நெபுலா போதும். 2023இல் இருக்கும் நெபுலா, 2014இலிருந்து வந்த தன்னையே சுட்டுக் கொல்கிறாள். சுட்டவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1978 சூப்பர்மேன் விதிப்படி இது நடந்திருந்தால் அவளும் அந்த நொடியே மறைந்திருக்க வேண்டும். கிளை விதிப்படி செத்தது இன்னொரு கோட்டின் நெபுலா. தாத்தா முரண் பற்றி ஒரு வகுப்பே எடுக்க வேண்டிய விஷயத்தைச் சில நொடியில் காட்டிவிடுகிறார்கள்.

இவ்வளவு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கணக்கில் கல்லைப் போட்டவர் ஸ்டீவ் ரோஜர்ஸ். கற்களைத் திருப்பி வைக்கப் போனவர் மேடைக்குத் திரும்பி வரவில்லை. பக்கத்தில் ஏரிக்கரையில் கிழவராக உட்கார்ந்திருக்கிறார். பழைய காதலி பெகி கார்ட்டரோடு ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்துவிட்டாராம். எங்கே வாழ்ந்தார்? வேறொரு கிளையில் வாழ்ந்துவிட்டுக் கடைசியில் இங்கே வந்தார் என்கிறார்கள் இயக்குநர்கள் ருஸ்ஸோ சகோதரர்கள். இதே கோட்டில்தான், யாருக்கும் தெரியாமல் வாழ்ந்தார் என்கிறார்கள் திரைக்கதை எழுதிய மார்க்கஸும் மெக்ஃபீலியும். ஒரே படத்தை எடுத்தவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை! எழுத்தாளர்கள் சொல்வது நான் மேலே சொன்ன மூன்றாவது வகையில் வரும்: அவர் போனதும் எப்போதுமே வரலாற்றில் இருந்திருக்கிறது. அதுவரை படம் பின்பற்றிய விதி அது இல்லை. தவிர, நண்பர் சாமிடம் ஸ்டீவ் கொடுக்கும் கேடயம் முழுசாக இருக்கிறது. அவருடைய கேடயத்தைத்தான் தானோஸ் சண்டையில் உடைத்துவிட்டானே. வேறு கிளையிலிருந்து கொண்டுவந்தது என்றால் அது பொருந்துகிறது. என் ஓட்டு இயக்குநர்களுக்கு. ஆனால் எழுத்தாளர்கள் ஏன் அப்படி ஆசைப்பட்டார்கள் என்பதும் புரிகிறது. வேறொரு கிளையின் பெகியோடு வாழ்ந்தார் என்றால், 1945இல் அவருக்காகக் காத்திருந்த பெகி ஏமாந்தது ஏமாந்ததுதானே.

லோகி வந்து கதவைத் திறந்தபோது

2012இல் தப்பி ஓடிய லோகியைப் பிடித்து ஒரு தொடரே எடுத்தார்கள். 2021இல் வந்த 'லோகி' முதல் சீசன் புது விதி ஒன்றைக் கொண்டுவருகிறது. கிளைகள் பிரிவது உண்மைதான், ஆனால் அவற்றைக் கத்தரிக்க டிவிஏ என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. படிவம், வரிசை, நீதிபதி என்று அசல் அரசு அலுவலகம் மாதிரியே இருக்கும். 'புனிதக் காலக்கோடு' என்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, விலகிப் போகும் கிளைகளை அது அழிக்கும். அவெஞ்சர்ஸ் செய்த காலப்பயணம் நடக்க வேண்டியதுதான், லோகி தப்பியது நடக்கக் கூடாதது என்பார்கள். எதை வைத்து அப்படிப் பிரிக்கிறார்கள் என்றால், மேலே ஒருவர் அப்படி எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கட்டுப்படுத்தாமல் விட்டால் தன்னுடைய வேறு வேறு உருவங்கள் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் கிளம்பி வந்து போர் மூட்டும் என்று பயந்து அவர் செய்த ஏற்பாடு இது. லோகியின் இன்னொரு உருவமான சில்வி அவரைக் கொல்கிறாள், கோடு கிளைகிளையாக வெடிக்கிறது. 2023இல் வந்த இரண்டாவது சீசனின் முடிவில் லோகி அந்தக் கிளைகளை எல்லாம் தன் கையால் பிடித்து ஒரு மரம் போலத் தாங்கி உட்கார்ந்துவிடுகிறான். மார்வெல் கதைகளில் ஏன் திடீரென்று 2021க்குப் பிறகு எல்லாப் பக்கமும் மல்டிவர்ஸ், அதாவது பல பிரபஞ்சங்கள், என்று கேட்டால் சுருக்கமான பதில் இதுதான்.

மாற்றுக் காலக்கோடு வேறு, மல்டிவர்ஸ் வேறா?

கொஞ்சம் வேறுதான். மாற்றுக் காலக்கோடு ஒரு புள்ளியிலிருந்து பிரிவது. அந்தப் புள்ளி வரை இரண்டுக்கும் ஒரே வரலாறு. இணை பிரபஞ்சம் ஆரம்பத்திலிருந்தே தனியாக இருப்பது. அங்கே உங்களைப் போல் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படங்கள் இந்த இரண்டையும் தாராளமாகக் கலக்கின்றன என்பதால் ரொம்பக் கறாராகப் பிரிக்க வேண்டாம்.

இணை பிரபஞ்சம் என்ற ஏற்பாடு காமிக்ஸில் நன்றாகவே வேர்விட்டது ஒரு பதிப்பகச் சிக்கலால். டிசி நிறுவனம் 1940களில் ஜே கேரிக் என்பவரை ஃபிளாஷாக வைத்துக் கதை போட்டது. 1956இல் பாரி ஆலன் என்ற புது ஃபிளாஷைக் கொண்டுவந்தது. அப்படியென்றால் பழையவர் என்ன ஆனார்? 1961இல் ஃபிளாஷ் இதழ் 123இல் கார்டனர் ஃபாக்ஸ் எழுதி கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்த கதையில் பாரி வேறொரு பூமிக்குப் போய் ஜேயைச் சந்திக்கிறார். இரண்டு பூமி, இரண்டு ஃபிளாஷ், யாருடைய கதையும் வீணாகவில்லை. பூமிகள் பெருகிப் பெருகிக் கடைசியில் 1985-86இல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' வரிசையில் அவற்றையெல்லாம் நசுக்கி ஒன்றாக்க வேண்டி வந்தது.

'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' (2021) செய்ததும் அதே வேலைதான். டோபி மக்வயரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் நடித்த பழைய ஸ்பைடர்மேன் படங்களை ஒதுக்கித் தள்ளாமல், அவை வேறு பிரபஞ்சங்களில் நடந்தவை என்று சேர்த்துக்கொண்டார்கள். மந்திரம் கெட்டுப்போய் வில்லன்கள் இங்கே வந்து விழுகிறார்கள், அவர்களில் சிலர் சாவதற்குச் சற்று முன்பாகப் பிடுங்கி எடுக்கப்பட்டவர்கள். இந்தப் பிரபஞ்சத்து ஸ்பைடர்மேனான பீட்டர் அவர்களைக் குணப்படுத்தி அனுப்புகிறான். போன இடத்தில் அவர்கள் பிழைத்தார்களா, அங்கே ஒரு புதுக் கிளை பிரிந்ததா? படம் காட்டாது. தியேட்டரில் விசில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

விதி உடையும் இடங்கள்

'த ஃபிளாஷ்' (2023) படத்தில் பாரி தன் அம்மாவைக் காப்பாற்றப் பின்னால் ஓடுகிறான். அவன் செய்வது மிகச் சின்ன வேலை. அம்மா வாங்க மறந்த தக்காளி டப்பாவைக் கடையில் அவர் வண்டியில் போட்டுவிடுகிறான். அதை வாங்க அப்பா வெளியே போயிருந்த நேரத்தில்தான் முன்பு கொலை நடந்தது. இப்போது அம்மா உயிரோடு இருக்கிறார், ஆனால் பூமியைத் தாக்க வரும் ஜெனரல் ஸாடை எதிர்க்க சூப்பர்மேன் இல்லை, பேட்மேனும் வேறு ஆள். தக்காளி டப்பாவுக்கும் பேட்மேன் மாறியதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்தப் படத்தின் பேட்மேன் ஸ்பகெட்டியை வைத்து ஒரு விளக்கம் கொடுப்பார்: ஓர் இடத்தில் மாற்றினால் அதற்கு முன்னால் இருந்ததும் சேர்ந்து மாறும். எனக்கு இது சமாளிப்பாகத்தான் பட்டது. பழைய பேட்மேன் நடிகர் மைக்கேல் கீட்டனைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற விதியைத் தேடிய மாதிரி இருக்கிறது. ஆனால் பாரி மறுபடி போய் அந்த டப்பாவைத் தானே எடுத்து வைக்கும் காட்சி மனதில் நிற்கிறது. விதி தளர்ந்திருந்தாலும் விலை என்ன என்பதில் படத்துக்குக் குழப்பம் இல்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' (2023). எந்தப் பிரபஞ்சத்து ஸ்பைடர்மேனாக இருந்தாலும் சில இழப்புகள் நடந்தே ஆக வேண்டும், தடுத்தால் அந்தப் பிரபஞ்சமே சரிந்துவிடும் என்கிறான் ஸ்பைடர்மேன்களின் தலைவன் மிகேல் ஓ'ஹாரா. மும்பாட்டனில், பவித்ர் பிரபாகரின் உலகத்தில், சாக வேண்டிய இன்ஸ்பெக்டர் சிங்கைப் படத்தின் நாயகன் மைல்ஸ் காப்பாற்றிவிட, அங்கே ஒரு ஓட்டை விழுகிறது. அடுத்தது மைல்ஸின் அப்பா. 'இது விதி' என்று பெரியவர்கள் சொன்னால் அது நிஜமாகவே விதியா, அல்லது அவர்கள் தங்கள் துக்கத்துக்குக் கண்டுபிடித்த காரணமா என்று மைல்ஸ் சந்தேகப்படுகிறான். படம் பதில் சொல்லாமல் நடுவில் நிற்கிறது. காலப்பயண விதியை ஒரு பாத்திரமே எதிர்த்துக் கேள்வி கேட்பதால் இந்தப் படத்தை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

சுழல், அதாவது டைம் லூப், ஒரு தனி வகை. ஒரே நேரத்துண்டு திரும்பத் திரும்ப ஓடும். 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' (2016) முடிவில் வில்லன் டோர்மாமுவைச் சுழலில் மாட்டிவைத்து, தானும் உள்ளே உட்கார்ந்து, செத்துச் செத்துப் பேரம் பேசி ஜெயிப்பார். 'இன்ஃபினிட்டி வார்' (2018) படத்தில் அவர் 1 கோடியே 40 லட்சத்து 605 எதிர்காலங்களைப் பார்த்தது காலப்பயணமே இல்லை, வெறும் எட்டிப் பார்த்தல்.

ஒரு படம் தன் விதிக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று பார்க்க, செத்தவர் திரும்பி வந்தால் எப்படி வருகிறார் என்று கவனியுங்கள். 2018இல் தானோஸ் தள்ளிவிட்டுச் செத்த அவனுடைய இன்னொரு வளர்ப்பு மகள் கமோரா திரும்பவே இல்லை. எண்ட்கேம் முடிவில் இருப்பவள் 2014இலிருந்து வந்தவள், பீட்டர் குயிலைக் காதலித்த வருடங்களை அவள் வாழவே இல்லை. 2023இல் வந்த மூன்றாவது 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி'யில் இதைச் சமாளிக்க எளிய வழிகள் இருந்தன. நினைவு திரும்பியது என்று ஒரு மந்திரம் போட்டிருக்கலாம், மெல்ல மெல்லக் காதல் மறுபடி மலர்ந்தது என்று ஒரு பாட்டு வைத்திருக்கலாம். இயக்குநர் ஜேம்ஸ் கன் இரண்டையும் செய்யவில்லை. கமோரா தன் கூட்டத்தோடு போய்விடுகிறாள், குயில் பூமிக்குத் தன் தாத்தாவைப் பார்க்கப் போகிறான்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், எக்ஸ்-மென் படத்தை முதலில் பாருங்கள், அது அதிகம் முன்கதை கேட்காது. அப்புறம் 'இன்ஃபினிட்டி வார்', எண்ட்கேம் இரண்டையும் சேர்த்து. 'லோகி'யை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். 'த ஃபிளாஷ்' கடைசியில் இருக்கட்டும்.